‘தண்ணி’ வராது, ‘உள்ள போங்க’ வரும்

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி திருநெல்வேலி – தென்காசி ரூட்டிலேயே ஓடிவிட்டது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில் அவருக்குத் ‘தண்ணி’ என்று கேட்க வராது. செம்பைப் பார்ப்பார், இடது கையை நீட்டுவார், உதடு அசையும். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஆனால் அதே நாட்களில் வாசலில் நாலு பேர் கூடி நின்றால், ‘உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதிய’ என்று பழைய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். பார்க்க வந்தவர்கள் குழம்பிப்போவார்கள். ‘பேச வருது, அவியதான் பேச மாட்டேங்காவ’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

நான் டாக்டரும் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட்டும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். தண்ணி வராத வாயில் ‘உள்ள போங்க’ எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதிக்கு மேல் வீட்டில் உடனே உபயோகப்பட்டது. இப்போதுதான் இப்படி ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, திடீரென்று பேச்சு குழறுவது அல்லது வராமல் போவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் எல்லாருக்கும் அதைப் போட முடியாது, அதை ஸ்கேன் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். ‘கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாப்போகும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் வேலை மூளையின் இடது பாதியில் நடக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் இடது பாதிதான். அதனால்தான் வலது கையும் பேச்சும் சேர்ந்து விழுவதை அடிக்கடி பார்க்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பேச்சிழப்பு இருக்கும். டாக்டர்கள் அஃபேசியா என்பார்கள். நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுவது வேறு. அதில் சொல்ல வேண்டிய வார்த்தை மூளையில் சரியாகவே கிடைக்கிறது, வாய்தான் ஒத்துழைப்பதில்லை. அப்பாவுக்கு நாக்கு நன்றாகத்தான் இருந்தது. முறுக்கு கடிப்பார், விழுங்குவார், விசிலடிப்பார். வார்த்தை கிடைப்பதில்தான் கோளாறு.

புத்தியிலும் கோளாறு இல்லை. பால்காரர் மீதிச் சில்லறையில் ஒரு நாணயம் குறைத்துக் கொடுத்தபோது, அப்பா காசை விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணிக் காட்டி, கையை நீட்டி மீதியை வாங்கிவிட்டார். ஒரு எண்கூட வாயில் வரவில்லை, கணக்கு மட்டும் வந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேச்சு போனதும் சுற்றியிருப்பவர்கள் செய்யும் முதல் காரியம் அவரைக் குழந்தையாக்கிவிடுவதுதான். இரண்டாவது காரியம், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்துவது.

பாரிஸில் 1861இல் பால் புரோகா என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். அந்த மனிதர் பல வருடமாக எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்று மட்டும்தான் சொல்வார். ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு டான் என்று பெயர் வந்துவிட்டது. கேட்பது அவருக்குப் புரியும், குரலின் ஏற்ற இறக்கத்தாலும் சைகையாலும் பதில் சொல்வார். இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. அந்த இடத்தை இன்றும் புரோகா பகுதி என்கிறோம். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பிடித்த விவரம் வேறு. அந்த டானுக்குக் கோபம் வந்தால் மட்டும் ஒரு முழு வசைச்சொல் தெளிவாக வருமாம்.

லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதே மாதிரி நோயாளிகளைப் பார்த்துப் பேச்சை இரண்டாகப் பிரித்தார். நினைத்து, வார்த்தை தேடி, புதிதாகக் கோத்துச் சொல்வது ஒரு வகை. யோசிக்காமல் தானாக வருவது இன்னொரு வகை. வணக்கம், வசவு, எண் வரிசை, கிழமை வரிசை, சாமி ஸ்லோகம், பாட்டு எல்லாம் இரண்டாவதில் சேரும். ஆயிரம் ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த தொடர் மூளையில் தனித்தனி வார்த்தையாக இல்லாமல் முழுசாக ஒரே துண்டாக இருக்கிறது. அதை எடுக்க வார்த்தை தேட வேண்டியதில்லை. இந்த வகைப் பேச்சில் மூளையின் வலது பாதிக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடது பாதி அடிபட்டாலும் அது தப்பிப் பிழைப்பதற்கு இது ஒரு காரணம்.

முப்பது வருடம் பஸ்ஸில் நின்றவருக்கு ‘உள்ள போங்க’ அப்படி ஒரு துண்டு. அவர் வேண்டுமென்றே பேசாமல் இருக்கவில்லை என்று அம்மாவுக்கும் உறவுக்காரர்களுக்கும் விளங்கவைக்க இந்த ஒரு உண்மை போதுமாக இருந்தது.

இனி வார்த்தை தேடுவதைப் பார்க்கலாம். நன்றாக இருக்கும் நாம் சாதாரணமாகப் பேசும்போது ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று வார்த்தை சொல்கிறோம். மனதில் பல்லாயிரம் வார்த்தைகள் இருக்கின்றன. அத்தனையிலிருந்து சரியானதை எடுத்து, ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான் தப்பாகச் சொல்கிறோம். ஒரு பொருளின் படத்தைப் பார்த்ததும் அதன் பெயரைச் சொல்லத் தொடங்க அரை விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். அந்த அரை விநாடிக்குள் பல படிகள் நடந்து முடிகின்றன. முதலில் என்ன சொல்ல வேண்டும் என்ற எண்ணம். அப்புறம் அந்த எண்ணத்துக்குப் பொருந்தும் வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் கட்டத்தில் வார்த்தைக்குப் பொருள் இருக்கும், பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்ற அடையாளம் இருக்கும், ஒலி இன்னும் வந்திருக்காது. அதற்குப் பிறகுதான் ஒலிகள் ஒவ்வொன்றாக வரிசைப்பட்டு வாய்க்குப் போகின்றன. நெதர்லாந்தில் வில்லெம் லெவெல்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதை விரிவாக ஆராய்ந்து ஒரு கோட்பாடாகவே தந்திருக்கிறார்கள்.

பொருளும் ஒலியும் தனித்தனியாகக் கிடைக்கின்றன என்பதற்கு ஆதாரம் தேட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். பழைய நடிகர் ஒருவர் முகம் டிவியில் வருகிறது. எந்தப் படம், யாரோடு நடித்தார், எந்த ஊர்க்காரர், எல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் தொண்டைக்குள் நிற்கிறது. 1966இல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் இதைச் சோதனையாகச் செய்தார்கள். அதிகம் புழங்காத வார்த்தைகளின் விளக்கத்தை மாணவர்களிடம் படித்துக் காட்டி, அது எந்த வார்த்தை என்று கேட்டார்கள். வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிட்ட மாணவர்கள்கூட அதன் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்று பல தடவை சரியாகச் சொன்னார்கள். ஆக, ஒலியும் ஒரே மொத்தமாக வருவதில்லை. கொஞ்சம் வந்துவிட்டு மீதி நின்றுபோகலாம்.

இதைப் படித்த பிறகு அப்பாவின் தப்புகளை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். தோசை வேண்டும் என்று தட்டைக் காட்டிக்கொண்டு ‘இட்லி’ என்பார். டீயைக் ‘காப்பி’ என்பார். இங்கே எண்ணம் சரி, வார்த்தையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பக்கத்து வார்த்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வேறு சமயத்தில் ‘சட்டை’ என்பதற்குப் பதில் ‘தச்சை’ என்பார். இங்கே வார்த்தை சரியாகவே கிடைத்துவிட்டது, ஒலி கோக்கும்போது இடம் மாறிவிட்டது. இரண்டையும் ‘உளறல்’ என்று ஒரே பெயரில் ஒதுக்கினால் உதவி செய்ய வழி இருக்காது.

அம்மாவை ஒருநாள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டார். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ‘இத்தன வருசம் கூட வாழ்ந்தவள அடையாளம் தெரியலையா உங்கப்பாவுக்கு?’ என்று அடுப்படியில் நின்று அழுதாள். உண்மையில் அடையாளம் தெரிந்ததால்தான் அந்தத் தப்பு. வீட்டுப் பெண், நெருங்கிய உறவு, பெரியவள் என்று எண்ணம் சரியான இடத்துக்குப் போய்விட்டது. அம்மா, அக்கா, மகள், மனைவி எல்லாம் மனதில் அருகருகே இருக்கும் உறவுச் சொற்கள். யாரென்றே தெரியாதிருந்தால் அந்த வட்டத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். உறவுப் பெயர் மாறிப்போவது பேச்சிழப்பில் மிகச் சாதாரணம் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மாவிடம் நேரில் சொன்னார். நான் சொன்னபோது நம்பாதவள் அவர் சொன்னபோது நம்பினாள். பரவாயில்லை.

பேசுவதைப் போலவே கேட்பதிலும் ஒரு தேடல் நடக்கிறது. ஒருவர் ‘கத்…’ என்று ஆரம்பித்த உடனே கத்தி, கத்தரிக்காய், கத்தரிக்கோல், கத்திரிவெயில் எல்லாம் மனதில் எழுந்து நிற்கின்றன. அடுத்தடுத்த ஒலி வர வர, பொருந்தாதவை விலகிப் போகும். பல வார்த்தைகளை முழுசாகக் கேட்டு முடிக்கும் முன்பே அடையாளம் கண்டுவிடுகிறோம். இதை முதலில் தெளிவாக விளக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் மார்ஸ்லென்-வில்சன். அடிபட்ட மூளையில் இந்த விலக்கும் வேலை மெதுவாக நடக்கும். முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் நாம் நாலாவது வார்த்தைக்குப் போயிருப்போம். அப்பாவுக்குப் புரிதல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது, ஆனால் டிவி ஓடும்போது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, அவர் முகம் வெறுமையாகிவிடும். டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரு விஷயத்தை ஒரு சின்ன வாக்கியத்தில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தினால் புரிந்துவிடும். குரலை உயர்த்தத் தேவையே இல்லை.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே 1874இல் விவரித்தது அது. பேச்சு தடையில்லாமல் கொட்டும், ஆனால் அர்த்தம் நிற்காது, மற்றவர் சொல்வதும் சரியாகப் புரியாது. அப்படிப்பட்டவரிடம் நான் இங்கே சொல்லும் சில உத்திகள் பலிக்காது. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி எழுதியிருந்தது, பேச்சுப் பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். மைசூரில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் என்றே மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது.

இனி வீட்டில் செய்யக்கூடியவை.

பார்க்க வந்த சித்தப்பா ஒருவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ‘அண்ணே, இது என்ன, சொல்லு பாப்போம்’ என்பார். அப்பா திணறுவார். ‘சொல்லு, சொல்லு, முயற்சி பண்ணு.’ அப்பாவுக்கு வியர்க்கும், கோபம் வரும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், இருந்தாலும் அந்த மாதிரிப் பரீட்சை வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேரின் ஹம்ஃப்ரீஸும் எமி பெத் வாரினரும் 2008இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான மாணவர்களிடம் செய்தது. நாக்கு நுனியில் வார்த்தை நின்றுபோனபோது பத்து விநாடியோ முப்பது விநாடியோ திணற விட்டார்கள். அப்புறம் எல்லாருக்கும் விடையைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, அதிக நேரம் திணறிய வார்த்தையில் மறுபடி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. திணறுவதையே மூளை கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். பேச்சிழப்பு வந்தவர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இதை ஒரு பழக்கமாக எடுத்துக்கொண்டோம்.

பழக்கம் இதுதான். அப்பா ஒரு வார்த்தையைத் தேடினால் முதலில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணும் அளவுக்கு. இதுவே பலருக்கு முடியாத காரியம், வார்த்தையைப் பிடுங்கி நாமே சொல்லிவிடத் தோன்றும். வரவில்லை என்றால் ஒரு குறிப்பு தருவோம். பொருளைப் பற்றிய குறிப்பு: ‘குடிக்கிறதா? சூடா?’ அதுவும் பலிக்காவிட்டால் முதல் ஒலி: ‘த…’ நம் உதட்டைப் பார்த்துச் சொல்லும்படி நேரே உட்கார வேண்டும். பல நேரம் முதல் ஒலியிலேயே மீதி வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் முழு வார்த்தையைச் சொல்லிவிடுவோம், அவரும் கூடச் சொல்வார், தண்ணி கைக்குப் போய்விடும். வார்த்தை வந்தால்தான் தண்ணி என்று ஒருநாளும் வைத்ததில்லை. இதையும் சிலர் செய்கிறார்கள், தாகத்தோடு இருப்பவரிடம் இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குறிப்பு, ஜோடிச் சொற்கள். ‘உப்பும்…’ என்று நிறுத்தினால் ‘புளியும்’ என்று வரும். ‘வெத்தல…’ என்றால் ‘பாக்கு’. இங்கே ஒரு ஜாக்கிரதை தேவை. இப்படி வரும் வார்த்தை பழக்கத்தால் தானாக வந்தது. அதைத் தேடி எடுக்கும் வழி அதனால் மட்டும் பலப்படாது. அதனால் ‘பாக்கு’ வந்த கையோடு, ‘அம்மா இப்ப என்ன வெட்டுதா?’ என்று கேட்போம். வாயில் சூடாக இருக்கும் வார்த்தையை இந்தத் தடவை பொருளோடு எடுக்க வேண்டும். தானாக வருவதை வேண்டும்போது வரவழைப்பதற்குப் பழக்குவதுதான் பயிற்சியில் பாதி.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பாவோடு அந்த ரூட்டில் ஓடிய டிரைவர் மாமா ஒருவர். வாரம் ஒருமுறை வருவார். மற்றவர்கள் மாதிரி ‘எப்படி இருக்கிய’ என்று இரக்கத்தோடு ஆரம்பிக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும், ‘என்ன அண்ணாச்சி, வண்டிய எடுக்கவா?’ என்பார். அப்பா யோசிக்காமல் ‘ரைட், ரைட்’ என்பார். ‘டவுண் தாண்டியாச்சு, அடுத்தது எங்க நிக்கணும்?’ ‘பேட்டை.’ அப்புறம் சின்னச் சின்ன நிறுத்தங்களோடு சீதபற்பநல்லூர் வரும், ஆலங்குளம் வரும், பாவூர்சத்திரம் வரும், தென்காசி வரை போய்விடுவார்கள். ‘தண்ணி’ வராத மனிதர் வாயில் ‘சீதபற்பநல்லூர்’ வருவதை அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண் வரிசையும் கிழமை வரிசையும் வைத்துத்தான் அவர்கள் வழக்கமாக ஆரம்பிப்பார்கள். ‘ஏழு’ தனியாக வராதவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து ஏழில் நின்றுவிடலாம். வியாழக்கிழமை வராதவர் ஞாயிறிலிருந்து நடந்து வரலாம். எங்கள் வீட்டில் அதைவிட வலுவான வரிசை ஒன்று தயாராகவே இருந்தது, எங்களுக்குத்தான் அது ஒரு கருவி என்று தெரியவில்லை.

என் அத்தை ஆலங்குளத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் அப்பாவுக்கு அவள் பெயரும் வராது, ஊர்ப் பெயரும் வராது. பயிற்சிக்குப் பிறகு, ‘டவுண், பேட்டை…’ என்று ஆரம்பித்து, ஆலங்குளம் வந்ததும் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். ‘அத்தையா? நேத்து போன் பண்ணினா, நல்லா இருக்கா’ என்போம். முதலில் எழுந்த சிக்கல், நிறுத்த முடியாததுதான். வேகத்தில் ஆலங்குளம் தாண்டிப் பாவூர்சத்திரம் போய்விடுவார், தலையில் அடித்துக்கொள்வார். தானாக ஓடும் வரிசையை நடுவில் பிடித்து நிறுத்துவதற்கே தனி முயற்சி வேண்டும். வேண்டிய இடம் வரும்போது மேஜையை இடது கையால் ஒரு தட்டு தட்டச் சொன்னார் தெரபிஸ்ட். அது கைவந்த பிறகு, முந்தைய ஊர்களை உதட்டசைவோடு மட்டும் சொல்லி, ஆலங்குளத்தைச் சத்தமாகச் சொல்லும்படி பழக்கினார். இன்று பெரும்பாலும் ஒரு சின்ன இடைவெளி விட்டு நேராகவே ‘ஆலங்குளம்’ வருகிறது. அந்த இடைவெளியில் அவர் மனதுக்குள் பேட்டையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரர் கண்டக்டராக இருந்திருக்க வேண்டியதில்லை. வாத்தியார் என்றால் வாய்ப்பாடும் வருகைப் பதிவேடும் இருக்கும். கோயில் குருக்கள் என்றால் மந்திரம் இருக்கும். காய்கறி வியாபாரி கூவி விற்ற வரிசை, சமையல்காரர் பந்திக்குச் சொல்லும் வரிசை, தையல்காரர் அளவெடுக்கும் வரிசை என்று எல்லாருக்கும் ஏதோ ஒன்று தேய்ந்து படிந்திருக்கும். கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், அவர்களுக்குத்தான் அது தெரியும். நமக்கு வீட்டில் இருந்த அப்பாவை மட்டும்தான் தெரியும்.

பாட்டைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆமாம், பழைய எம்.ஜி.ஆர். பாட்டுகள் அப்பாவுக்கு வார்த்தையோடு வந்தன. முதல் தடவை கேட்டபோது வீடே அழுதது. ஆனால் பாட்டில் வந்த வார்த்தை பாட்டுக்குள்ளேயேதான் இருந்தது, அதைப் பேச்சில் எடுக்க முடியவில்லை. பாட்டு வந்துவிட்டது, இனிப் பேச்சும் வந்துவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். மெட்டை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. 1970களில் பாஸ்டனில் உருவானது. சினிமாப் பாட்டைப் பாடுவதில்லை அது. ‘தண்ணி வேணும்’ மாதிரி அன்றாடத் தேவைக்கான சின்னத் தொடரை மேல் கீழ் என்று இரண்டே சுருதியில் இழுத்துச் சொல்லி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்டுவது. போகப்போக மெட்டைக் குறைத்துப் பேச்சாக்குவார்கள். புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் வராதவர்களுக்குத்தான் இது ஏற்றது, அவர்களிலும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. அப்பாவுக்கு இரண்டு மூன்று தொடர் இந்த வழியில் நின்றன. மற்றபடி பாட்டு அவருக்குச் சந்தோஷத்துக்கு. அதுவும் வேண்டியதுதானே?

எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? கடைகளில் விற்கும் படப் புத்தகத்தில் ஆப்பிள், யானை, கப்பல் என்று இருக்கும். அப்பா வாழ்நாளில் கப்பல் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பார்? அடிக்கடி சொல்லும் வார்த்தை சீக்கிரம் கிடைக்கும் என்பது 1960களிலேயே உறுதியான விஷயம். சின்ன வயதில் கற்ற வார்த்தைகளும் அப்படித்தான். ஆகவே படப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, செல்போனில் எங்கள் வீட்டுச் செம்பு, அவர் கண்ணாடி, அவர் செருப்பு, தைல பாட்டில், பேத்தி, தெருமுனை டீக்கடை என்று படம் எடுத்தோம். குறைவான வார்த்தைகள், எல்லாமே அவருக்குத் தேவையானவை. ஒரு வார்த்தையை ஒரே உட்காரலில் ஐம்பது தடவை திருப்பிச் சொல்லவைப்பதைவிட, ஒரு தடவை எடுத்த பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதைவிட நீண்ட இடைவெளி என்று விட்டு விட்டு எடுக்கவைப்பது நன்றாக நிற்கிறது. நாம் சொல்லி அவர் திருப்பிச் சொல்வதைவிட, அவரே தேடி எடுத்தது ஆழமாகப் பதியும். காலை டீ, மத்தியானச் சாப்பாடு, சாயந்திர நடை என்று அந்தந்த வேளையிலேயே அந்தந்த வார்த்தையை வைத்துவிட்டால் தனியாக வகுப்பு நடத்த வேண்டியதில்லை. காலை நேரம் நல்லது. களைப்பு வந்துவிட்டால் காலையில் வந்த வார்த்தைகூட மாலையில் வராது, அதைப் பார்த்துப் பின்னடைவு என்று பயப்பட வேண்டாம்.

‘ஆமா’வும் ‘இல்ல’யும் மாறிப்போவது ஆபத்தானது. இரண்டும் ஒரே இடத்தில் பயன்படும் எதிர்ச்சொற்கள் என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று எளிதாக வந்துவிடும். ‘நெஞ்சு வலிக்கா?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்று சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். வாயை நம்பாமல், கட்டை விரல் மேலே என்றால் ஆமா, கீழே என்றால் இல்ல என்று வைத்துக்கொண்டோம். முக்கியமான விஷயம் என்றால் கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்போம். மாத்திரை, வலி, பணம், கையெழுத்து, இவற்றில் ஒரே பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். எண்ணும் அப்படித்தான், ‘அஞ்சு’ என்று சொல்லிக்கொண்டே மூன்று விரலைக் காட்டுவார். விரலை நம்பலாம்.

ஆட்களின் பெயர்தான் கடைசி வரை மல்லுக்கு நிற்கிறது. டம்ளர் என்றால் குடிப்பது, எவர்சில்வர், அடுப்படி என்று பொருளோடு பல இணைப்புகள் இருக்கின்றன. ஒருவருடைய பெயருக்கும் அவருக்கும் அப்படிப் பொருள் சார்ந்த இணைப்பு எதுவும் கிடையாது. நமக்கே வயதாக ஆக முதலில் நழுவுவது பெயர்தான். அப்பாவுக்குப் பெயர் கேட்கும் வேலையை நாங்கள் விட்டுவிட்டோம். போட்டோ ஆல்பத்தில் விரல் வைத்துக் காட்டினால் போதும்.

முதல் ஆறு மாதத்துக்குள் வராதது அப்புறம் வராது என்று யாரோ சொல்லி அம்மா தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆரம்ப மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகும் பயிற்சியால் பலன் உண்டு. அப்பாவின் ‘ஆலங்குளம்’ நேராக வந்தது அந்தக் கெடு தாண்டி வெகு காலம் கழித்துத்தான். அதே சமயம், வராததும் இருக்கிறது. போனில் பேச அவரால் இன்னும் முடியவில்லை, எதிராளியின் முகமும் கையும் தெரியாத பேச்சு அவருக்கு மிகக் கஷ்டம், வீடியோ கால் என்றால் சமாளிக்கிறார். நீளமான வாக்கியம் வராது. ‘டீ… கடை… போ… நான்’ என்பார், அதைப் புரிந்துகொள்வதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

இப்போது காலையில் தனியாகவே டீக்கடைக்குப் போகிறார். சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம். ‘எனக்குப் பக்கவாதத்தால் பேச்சு சிரமம். நீங்கள் சொல்வது புரியும். மெதுவாகப் பேசுங்கள், நான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்’ என்று எழுதி, கீழே என் போன் நம்பர். குடித்திருக்கிறார் என்று நினைத்து யாரும் துரத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. டீக்கடைக்காரருக்கு அந்த அட்டை தேவைப்படுவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குத்தான் அப்பா எடுத்துக் காட்டுகிறார். காட்டிவிட்டு, ‘சில்லறையா குடு’ என்கிறாராம்.